எண்ணெய் ஆறும் வரை



பிள்ளைகளுக்குத் தஜ்வீதும் ஃபிக்ஹும் கற்பிக்கும் நமக்கும், காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். கடந்த கோடை வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். மே மாதத்தின் ஒரு பகலும் இரவும் அந்த எண்ணத்தை மாற்றின. அன்று நடந்ததில் நம்முடைய பிழையும் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுவது நேர்மையாகாது என்பதால் முழுவதையும் எழுதுகிறோம்.

தருமபுரி மாவட்டத்தில் வாழ்பவர்களுக்குத் தண்ணீரின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடினப் பாறையின் மேல் அமைந்த மண் இது. பாறையின் விரிசல்களில் எங்கேனும் தேங்கியிருக்கும் நீரைத் தேடித்தான் ஒவ்வோர் ஆழ்துளைக் கிணறும் இறங்குகிறது. கிடைக்கும் நீரிலும் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் கறை படிந்த பிள்ளைகளையும், முழங்கால் வளைந்த முதியவர்களையும் இம்மாவட்டத்தின் பல ஊர்களில் காணலாம். ஜப்பானின் கடனுதவியோடு அமைந்து 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், குடிப்பதற்குக் காவிரி நீரைக் கொண்டு வந்தது. ஆயினும் ஒளு செய்யவும், துணி துவைக்கவும், கழிவறைக்கும் போர் தண்ணீரையே நம்பி இருக்கிறோம்.

நம் மத்ரஸாவின் பழைய போர் ஏப்ரல் மாதமே வற்றிவிட்டது. மே மாதம் கோடை விடுமுறை தீனியாத் வகுப்பு. நூறு பிள்ளைகளுக்கு மேல் வருவார்கள். வகுப்பை நிறுத்துவதா, புதிய போர் போடுவதா என்று ஜமாஅத் கூடிப் பேசியது. முத்தவல்லி ஐயா ஒரு தொகையைத் தந்து தொடங்கி வைத்தார். வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பினார்கள். பூக்கட்டி விற்று வாழும் ஒரு தாய் 500 ரூபாயைத் தம் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது 600 அடி வரை இறங்கலாம் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஓர் அடிக்கும் நம்மிடம் பணம் இல்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர் வண்டி வந்தது. இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் அந்த ஊர் வண்டியைக் காணலாம் என்பார்கள். துளையிடும் எந்திரம் ஒரு லாரியில்; கம்ப்ரசர் இன்னொரு லாரியில். கம்ப்ரசர் லாரியிலிருந்து இறங்கி ஸலாம் சொன்ன இளைஞரைப் பார்த்ததும் வியந்தோம். நம்மிடம் ஓதிய பிள்ளை! ஹிஃப்ளு வகுப்பில் சேர்ந்து ஐந்து ஜுஸ்உவோடு நிறுத்திவிட்டு, குடும்ப வறுமை காரணமாக ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவர். அன்று அவர் மீது நமக்கு வருத்தம் இருந்தது. ஒரு நல்ல மாணவரை இழந்துவிட்டோம் என்று சில காலம் சொல்லிக்கொண்டும் இருந்தோம்.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. துளையின் அடியில் ஹேமர் என்னும் சுத்தியல் இருக்கிறது. மேலிருந்து வரும் அழுத்தக் காற்றுதான் அதை இயக்கிப் பாறையை உடைக்கிறது. உடைந்த தூளை மேலே தள்ளுவதும் அதே காற்றுதான். துளைக்குள் நீர் நின்றால் அந்த நீரின் பாரத்தையும் காற்று தூக்க வேண்டும். 100 அடி உயர நீர், சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 43 பவுண்டு அழுத்தம் தரும். ஆகவேதான் ஆழம் கூடக் கூட வலிமையான கம்ப்ரசர் தேவைப்படுகிறது. நிமிடத்திற்கு 1,000 கன அடிக்கு மேல் காற்றை, 300 பவுண்டு அழுத்தத்தில் தள்ளும் எந்திரம் இது என்று தம்பி விளக்கினார்.

பகல் ஒரு மணிக்கு 360 அடியில் கம்ப்ரசர் திடீரென நின்றது. அரை மணி நேரம் ஆறவிட்டு மீண்டும் ஓட்டினார். மூன்று மணிக்கு, 420 அடியில், மறுபடியும் நின்றது. அதுவரை காதை அடைத்த இரைச்சல் ஓய்ந்து, தெருவெங்கும் ஒரு நிசப்தம் பரவியது. வெயில் 40 டிகிரியை நெருங்கியிருந்தது.

என்னவென்று கேட்டோம். “எண்ணெய் சூடாகிவிட்டது, ஹஜ்ரத். 115 டிகிரியைத் தொட்டால் வண்டி தானாக நின்றுவிடும். அதற்குத்தான் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள்” என்றார்.

எண்ணெய்க்கும் காற்றுக்கும் என்ன உறவு என்பது நமக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னதை, நாம் புரிந்துகொண்ட அளவில் இங்கே தருகிறோம்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பார்கள். காற்றை அழுத்தினால் சூடேறும். அது அல்லாஹ் படைத்த இயற்கையின் நியதி. தொழிற்சாலைகளில் சாதாரணமாகப் பயன்படும் 7 பார் அழுத்தத்திற்கே, காற்றை இடையில் குளிர்விக்காமல் ஒரே மூச்சில் அழுத்தினால் வெப்பம் 250 டிகிரியைத் தாண்டும். எந்த எந்திரமும் அதை நெடுநேரம் தாங்காது. இவ்வகைக் கம்ப்ரசருக்குள் ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஆல்ஃப் லிஷோல்ம் 1930-களில் வளர்த்தெடுத்த அமைப்பு இது. பிற்காலத்தில் அத்திருகுகளுக்கு நடுவே எண்ணெயைப் பீய்ச்சும் முறை வந்தது. அந்த எண்ணெய் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. உராய்வைத் தடுக்கிறது. திருகுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்துக் காற்று கசியாமல் காக்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, சூடு பிறக்கும் அந்த நொடியிலேயே அதைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது.

சூட்டை ஏந்திய எண்ணெயும் காற்றும் கலந்து ஒரு தொட்டிக்குள் செல்கின்றன. அங்கே காற்று பிரிந்து ஹேமருக்குப் போகிறது. எண்ணெய் அத்தொட்டியின் அழுத்தத்தாலேயே உந்தப்பட்டு, ஃபில்டரையும் கூலரையும் கடந்து மீண்டும் திருகுகளிடம் வருகிறது. கூலர் என்பது மெல்லிய தகடுகள் நெருங்கிய ஒரு ரேடியேட்டர். பெரிய விசிறி அதனூடே வெளிக்காற்றை இழுத்துச் சூட்டை வெளியேற்றுகிறது. வழியில் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு ஒரு வாயிற்காவலனைப் போல நிற்கிறது. எண்ணெய் குளிர்ந்திருந்தால் கூலருக்கு அனுப்பாமல் திருப்பிவிடும்; சூடேறிய பின்னரே கூலருக்கு வழிவிடும்.

“குளிர்ந்தே இருந்தால் நல்லதுதானே, எதற்கு ஒரு காவலன்?” என்று கேட்டோம்.

“இல்லை ஹஜ்ரத். காற்றில் ஈரம் இருக்கிறது. எண்ணெய் போதிய சூட்டில் இல்லாவிட்டால் அந்த ஈரம் உள்ளேயே தண்ணீராகிவிடும். எண்ணெய் பால் போல வெளுத்துவிடும். துரு பிடிக்கும், பேரிங் கெடும். மிகுந்த சூடும் ஆகாது, மிகுந்த குளிர்ச்சியும் ஆகாது” என்றார். சூடு மிகுந்தால் எண்ணெய் கருகிப் பிசினாகும். பத்து டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அத்தொழிலில் வழங்கும் கணக்கு.

இதையெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறோம். அன்று அஸருக்குப் பின் அங்கே நிதானம் இருக்கவில்லை. வண்டியை அழைத்து வந்த ஏஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அன்றிரவே அந்த வண்டி வேறோர் ஊருக்குப் போக வேண்டுமாம். மேனேஜர் தொலைபேசியில் தம்பியைக் கடிந்துகொண்டிருந்தார். “சுவிட்ச் ஒயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கிவிடுப்பா, வண்டி ஓடும். இன்னும் ஏழெட்டு ராடுதானே” என்றார் ஏஜென்ட். சுவிட்சைத் தாண்டி நேரடியாக இணைத்துவிட்டால், எண்ணெய் எத்தனை சூடானாலும் எந்திரம் நிற்காது.

தம்பி தலையை ஆட்டி மறுத்தார். ஏஜென்ட் நம் பக்கம் திரும்பி, “ஹஜ்ரத், நீங்க சொன்னா கேட்பான்” என்றார்.

நாம் சொன்னோம். அதுவே நம்முடைய பிழை. “தம்பி, பாதியில் வண்டி போய்விட்டால் மீண்டும் வரவழைக்க நம்மிடம் பணம் இல்லை. பிள்ளைகள் ஒளுவுக்குத் தண்ணீரின்றித் தவிக்கிறார்கள். நல்ல காரியம்தானே. இந்த ஒருமுறை மட்டும் செய்துவிடு” என்றோம். அவருக்கு அலிஃப் எழுதக் கற்றுக்கொடுத்த உரிமையில் அதைச் சொன்னோம். அந்த உரிமையை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று அந்தக் கணம் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் நிமிர்ந்து நம்மைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: “ஒயரை இணைப்பது ஒரு நிமிட வேலை, ஹஜ்ரத். ஆனால் அப்புறம் அதைப் பிரிக்க யாருக்கும் நினைவிருக்காது.”

பிறகு தாம் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தைப் பற்றிக் கூறினார். வெளிமாநிலத்தில் ஒரு கல்குவாரி. அங்கேயும் ஒரு நாள் அவசரத்துக்காக ஒயரை இணைத்தார்கள். அன்று எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்து விசிறியின் பெல்ட் அறுந்தது. நிறுத்த வேண்டிய சுவிட்ச் செயலற்றுக் கிடந்ததால் எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. கொதித்த எண்ணெயின் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த தொழிலாளியின் இரு கைகளும் வெந்துபோயின. “ஒயரை முறுக்கியது அவர் இல்லை, ஹஜ்ரத். யாரோ ஒருத்தர், யாரோ சொல்லி, நல்ல எண்ணத்தில்தான் செய்தார். இன்றைக்கும் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட வேண்டும்.”

நாம் வாயடைத்து நின்றோம். ஏஜென்ட் ஏதோ முணுமுணுத்தார். முத்தவல்லி ஐயாதான் முதலில் பேசினார். “ஆறட்டும். தம்பி சொல்கிறபடியே நடக்கட்டும்” என்றார்.

அதன்பின் அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தோம். எண்ணெய் மூடியைத் தொடவே இல்லை. உள்ளிருக்கும் அழுத்தம் முழுவதும் இறங்கி, நுரை அடங்கும் வரை அதைத் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்குமாம். காத்திருந்து அளவுக் கண்ணாடியைப் பார்த்தார், எண்ணெய் குறையவில்லை. விசிறியின் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், தளரவில்லை. கூலருக்குப் போகும் குழாயருகே கையைக் கொண்டு சென்றார், அனல் அடித்தது. “தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டிருந்தால் சூடான எண்ணெய் இங்கே வந்தே இருக்காது. கூலர் வரை வந்திருக்கிறது; ஆனால் கூலரால் சூட்டை வெளியே விட முடியவில்லை” என்றார். விளக்கொளியில் கூலரைக் காட்டினார். தகடுகளுக்கு நடுவே பல ஊர்களின் பாறைத் தூள், எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சுவர்ப் பூச்சாக அப்பியிருந்தது. போதாக்குறைக்கு, லாரி மதில் சுவரை ஒட்டி நின்றதால் விசிறி தள்ளிய அனல் சுவரில் மோதித் திரும்பி, கூலருக்குள்ளேயே மீண்டும் நுழைந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் லாரியை நிறுத்தச் சொன்னதும் நாம்தான். தெருவை அடைக்க வேண்டாமே என்ற எண்ணம்.

கூலர் நன்றாக ஆறிய பின் அதைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும் என்றார். மத்ரஸாவில் இருந்ததோ மஃரிப் தொழுகையின் ஒளுவுக்கென விலைக்கு வாங்கி வைத்த இரண்டு டிரம் தண்ணீர். தண்ணீர் தேடித் துளையிட வந்த எந்திரத்தைக் கழுவவே தண்ணீர் இல்லை! ஒரு கணம் தயங்கிப் பிறகு டிரம்மை உருட்டிக் கொடுத்தோம். செய்தி தெருவில் பரவியது. வீட்டுக்கு ஒரு குடமாக ஒளுவுக்குத் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டில் வசிக்கும் கவுண்டர் வீட்டு அம்மா தம் மருமகளோடு நான்கு குடம் கொண்டுவந்து இறக்கினார். “சாமி கும்பிடப் போறவங்களுக்குத் தண்ணி இல்லாம இருக்கலாமா” என்றார். அந்தத் தண்ணீரில்தான் அன்று மஃரிபுக்கு ஒளு செய்தோம்.

இரவு எட்டரை மணிக்கு, அக்கம்பக்கத்தாரிடம் இரைச்சலுக்கு அனுமதி கேட்டபின், திசை மாற்றி நிறுத்திய வண்டி மீண்டும் உயிர் பெற்றது. தம்பி நம்மை அழைத்து வெப்பமானியைக் காட்டினார். முள் ஏறியது. 70, 80, 90. நம் நெஞ்சு அதோடு சேர்ந்து அடித்தது. 94-இல் நின்றது. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், அங்கேயே நின்றது. ஒயரை முறுக்கியிருந்தால் இந்த எண் எங்கே போயிருக்கும் என்று நினைத்தபோது உடல் சிலிர்த்தது. அந்த எந்திரத்தைச் சுற்றி, பிற்பகல் முழுவதும் நம் பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நின்றிருந்தார்கள்.

ஏழாவது ராடு இறங்கியபோது, 560 அடியில், வெண்தூள் சேறாகி, சேறு நீராகிப் பொங்கியது. ஒன்றரை இஞ்ச் தண்ணீர். பெரிய ஊற்று என்று சொல்ல முடியாது, மத்ரஸாவுக்குப் போதும். அல்ஹம்து லில்லாஹ். பிள்ளைகள் இரவுதோறும் ஓதும் சூரத்துல் முல்க்கின் கடைசி வசனம் எதைப் பற்றியது என்பதை அடுத்த நாள் வகுப்பில் விளக்க நமக்குச் சிரமமே இருக்கவில்லை. பின்னர் நீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். ஃபுளோரைடு அளவு கூடுதல் என்று வந்தது. ஆகவே ஹவுளுக்கும் புழக்கத்துக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம். குடிக்க ஒகேனக்கல் குழாய்தான்.

வண்டி புறப்படும் முன் தம்பியைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். “ஐயோ, ஹஜ்ரத், நீங்கள் போய்…” என்று பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் எண்ணெய் மணம் இருந்தது. தாமதத்துக்காக அவருடைய ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டு, ஜமாஅத் சார்பில் முத்தவல்லி ஐயா அதை அவருடைய தாயிடம் சேர்ப்பித்தார்.

அமானிதம் பற்றி நாம் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். பிறர் பொருளைத் திருப்பித் தருவது, இரகசியம் காப்பது என்று உதாரணங்கள் சொல்வோம். ஒரு கம்ப்ரசரின் வெப்ப சுவிட்ச் அமானிதம் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. அருகில் நிற்பவர்களின் கைகளையும் முகங்களையும் நம்பி ஒப்படைத்த பொருள் அது. அந்தப் பாடத்தை ஐந்து ஜுஸ்உவோடு நின்றுபோனதாக நாம் வருந்திய பிள்ளை நமக்கு நடத்தினார். நல்ல காரியம் என்ற பெயரில் குறுக்கு வழியைக் கேட்டவர்களோ நாம்.

அன்பான பெற்றோர்களே! நம் பிள்ளைகள் ஓசூரிலும் கோவையிலும் வளைகுடாவிலும் இத்தகைய எந்திரங்களின் அருகில்தான் நிற்கிறார்கள். அவர்கள் தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தையும் சாப்பாட்டையும் விசாரிக்கிறோம். எந்திரம் தானாக நின்றால் என்ன செய்வாய் என்றும் ஒருமுறை கேளுங்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினால் மறுத்துச் சொல்லும் துணிவை வீட்டிலேயே கொடுத்து அனுப்புங்கள். அதனால் ஒரு நாள் கூலி போனால், போகட்டும் என்று சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

புதிய மோட்டார் அறையின் சுவரில் பிள்ளைகள் அந்த இரண்டு எண்களைக் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள்: 560, 94. வெள்ளையடிக்கும்போது அழித்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

உழைத்துண்ணும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நம் அவசரங்களின் தீங்கிலிருந்து அவர்களைக் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.